ரெண்டு கோடு வந்தாச்சா? கொஞ்சம் பொறுங்க!

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் கிளினிக் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியாரும் மருமகளும் இறங்கினார்கள். மாமியார் கையில் அல்வாப் பொட்டலம். முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, நல்ல சேதி! மருமக வீட்டுலயே ஸ்ட்ரிப் வெச்சுப் பார்த்துட்டா. ரெண்டு கோடும் பளிச்சுனு வந்திருக்கு. என்ன, ரெண்டு நாளா அடிவயித்துல ஒரு பக்கமா வலிக்குதுங்கறா. சூட்டு வலியாத்தான் இருக்கும். நல்ல கஷாயமா ஒண்ணு கொடுங்கய்யா."

அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. விசாரித்தபோது, தோள்பட்டையும் வலிக்கிறது, காலையில் எழுந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது என்றாள். நாடி மெலிந்து, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"கஷாயம் வேண்டாம்மா. வந்த ஆட்டோவை அனுப்பாதீங்க. நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. முதல்ல ஸ்கேன்" என்றேன்.

கரு கர்ப்பப்பையில் இல்லை. கருக்குழாயில் தங்கி, குழாய் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அன்று மதியமே ஆபரேஷன். பெண் பிழைத்துக்கொண்டாள்.

'வைத்தியர் நாடி பிடித்தே கண்டுபிடித்துவிட்டார்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையில்லை. நாடியைப் பிடித்துக் கரு எங்கே இருக்கிறது என்று சொல்ல என்னால் முடியாது. ஒரு பக்க வலி, தோள்பட்டை வலி, மயக்கம், வெளுப்பு... கர்ப்பம் என்று தெரிந்த பெண்ணிடம் இவை சேர்ந்து வந்தால் அபாயம் என்று எந்த மருத்துவக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா வந்து கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"அப்ப அந்த ஸ்ட்ரிப் பொய் சொல்லிடுச்சாய்யா?"

இல்லை. ஸ்ட்ரிப் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டோம். தப்பு நம்முடையது.

தங்கம் சிவப்பாக இருக்குமா?

மருந்துக் கடையில் வாங்கும் அந்தச் சின்ன ஸ்ட்ரிப்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு வருகிறதே, அது என்ன தெரியுமா? பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளில் அது தங்கம்! ஆமாம், நகைக் கடையில் விற்கிற அதே தங்கம்தான். உடனே பழைய ஸ்ட்ரிப்புகளைச் சேர்த்து அடகுக் கடைக்கு எடுத்துப் போய்விடாதீர்கள். கண்ணுக்கே தெரியாத துகள்கள் அவை. ஒரு துகளின் அகலம் சுமார் 40 நானோமீட்டர். இரண்டாயிரம் துகள்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு தலைமுடியின் அகலம் வரும்.

தங்கம் மஞ்சளாகத்தானே இருக்கும்? கட்டியாக இருக்கும்வரை மஞ்சள். இவ்வளவு பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாதுளம்பழச் சாறு மாதிரி சிவந்துவிடும்.

காரணத்தைச் சுலபமாகச் சொல்கிறேன். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் என்ற நுண்துகள்கள் கூட்டமாக அலைந்துகொண்டிருக்கின்றன. வெளிச்சம் படும்போது இந்தக் கூட்டம் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஊஞ்சலைத் தள்ளுகிறவர் சரியான நேரத்தில் தள்ளினால்தானே அது உயரப் போகும்? பொடித் தங்கத்தின் ஊஞ்சலுக்குப் பச்சை வெளிச்சத்தின் தாளம் பொருந்துகிறது. அதனால் பச்சையை அது விழுங்கிவிடுகிறது. மிச்சமாகி நம் கண்ணுக்கு வருவது சிவப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் தாளம் மாறும். நிறமும் ஊதா, நீலம் என்று மாறும். வெள்ளியைப் பொடியாக்கினால் மஞ்சள் நிறம் வரும்.

இது இன்று நேற்று வந்த வித்தை இல்லை. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 'லைகர்கஸ் கிண்ணம்' என்று ஒரு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியே வெளிச்சம் பட்டால் பச்சை. உள்ளே விளக்கு வைத்தால் ரத்தச் சிவப்பு. கண்ணாடியில் கலந்திருக்கும் தங்கம், வெள்ளி நுண்துகள்கள் செய்கிற வேலை அது. மின்சாரத்தில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே 1857-ல் இந்தச் செந்நிறத் தங்க நீரை ஆராய்ந்தார். தங்கம் மிகப் பொடியாகப் பிரிந்திருப்பதால்தான் இந்த நிறம் என்றார். அவர் தயாரித்த புட்டிகள் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்னும் இருக்கின்றன. கணக்குப் போட்டு இதை விளக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த குஸ்டாவ் மீ. வருஷம் 1908.

கோடு எப்படி வருகிறது?

சரி, இந்தத் தங்கத்துக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்?

கரு பதிந்தவுடன் தாயின் உடலில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கிறது. சிறுநீரிலும் வருகிறது. ஸ்ட்ரிப்பின் அடியில் காய்ந்த நிலையில் தங்கத் துகள்கள் காத்திருக்கின்றன. ஒவ்வொரு துகளின் மேலும் ஆன்டிபாடி என்கிற புரதம் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. ஹெச்.சி.ஜி.யைக் கண்டால் மட்டும் பிடித்துக்கொள்ளும் கை அது.

சிறுநீர் ஏறும்போது தங்கமும் சேர்ந்து நகர்கிறது. வழியில் ஹெச்.சி.ஜி. இருந்தால் பிடித்துக்கொள்கிறது. மேலே கோடு வரவேண்டிய இடத்தில் வேறு ஆன்டிபாடிகள் அசையாமல் நிற்கின்றன. அவை ஹெச்.சி.ஜி.யின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் ஒரு கையை அம்மாவும் மறு கையை அப்பாவும் பிடித்துக்கொள்வதுபோல! இப்படித் தங்கத் துகள்கள் ஏராளமாக ஒரே இடத்தில் சேர்ந்தால் நம் கண்ணுக்குச் சிவப்புக் கோடு.

அதற்கும் மேலே இன்னொரு கோடு. ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கம் அங்கே வந்து சேர வேண்டும். அந்தக் கோடு வரவில்லையென்றால் ஸ்ட்ரிப்பே கெட்டுப்போனது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

ஆக, ஸ்ட்ரிப்புக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்று. 'இந்தச் சிறுநீரில், இந்த நேரத்தில், போதுமான அளவு ஹெச்.சி.ஜி. இருக்கிறதா?' கரு எங்கே இருக்கிறது, நன்றாக வளர்கிறதா, ஒன்றா இரண்டா... எதுவும் அதற்குத் தெரியாது. அந்த மருமகளின் ஸ்ட்ரிப் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது.

காய்ச்சல், நெஞ்சு வலி... அங்கேயும் இதே கதை!

கர்ப்பம் மட்டுமில்லை. டெங்குவுக்கு, மலேரியாவுக்கு, மாரடைப்புக்கு என்று இதே பாணியில் கார்டுகள் வந்துவிட்டன. இங்கேதான் நீங்கள் உஷாராக இருக்க வேண்டும். 'நேரம்' என்று ஒன்று இருக்கிறது.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். என்.எஸ்.1 என்பது அந்த வைரஸின் புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களில் நன்றாகத் தெரியும். பிறகு குறைந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக நம் உடம்பு தயாரிக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி ஐந்தாம் நாளை ஒட்டித்தான் கண்ணில் படும். ஆறாம் நாள் என்.எஸ்.1 மட்டும் பார்த்துவிட்டு "நெகட்டிவ்தான், டெங்கு இல்லை" என்று குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பினால்? கார்டு சரியாகத்தான் வேலை செய்திருக்கும். நாம்தான் ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் ஆளைத் தேடியிருப்போம்! கார்டை மட்டும் நம்ப வேண்டாம், எலிசா முறையில் உறுதி செய்ய வேண்டும் என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

இன்னொன்று. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயம்தான் ஆபத்தான சமயம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு, சிறுநீர் குறைவது... இதில் எது தெரிந்தாலும் கார்டு என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நிலவேம்புக் குடிநீர் நானும்தான் கொடுக்கிறேன். கொடுத்துவிட்டு, 'குழந்தையைக் கவனிச்சுக்கிட்டே இருங்க' என்று நூறு தடவை சொல்லி அனுப்புகிறேன்.

நெஞ்சு வலிக்கு வருவோம். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். சாதாரண டெஸ்ட்டில் தெரியும் அளவுக்கு அது ஏற 3 முதல் 6 மணி நேரம் பிடிக்கலாம். வலி வந்த அரை மணியில் கார்டில் பார்த்து 'நெகட்டிவ்' என்றால் அது நிம்மதிச் செய்தி அல்ல. அதனால்தான் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, சில மணி நேரம் கழித்து ட்ரோபோனினைத் திரும்பவும் பார்க்கிறார்கள்.

"வாயுப் பிடிப்புதான் டாக்டர், ஓமம் கொடுங்க" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சித்த மருத்துவனான நான் சொல்கிறேன், கேளுங்கள். நடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் இருந்தால் என் வாசலுக்கு வந்து நேரத்தை வீணாக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கொரோனாக் காலம் ஞாபகம் இருக்கிறதா? 2021 மே மாதம் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டிஜென் டெஸ்ட்டுக்கு ஐ.சி.எம்.ஆர். அனுமதி கொடுத்தது. அப்போதே என்ன சொன்னார்கள்? பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான். ஆனால், அறிகுறி இருந்து நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்றார்கள். எத்தனை வீட்டில் செய்தோம்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

அடுத்து வரப்போவது என்ன?

கண்ணால் பார்க்கும் கோடு இந்த வித்தையின் அரிச்சுவடிதான். மேல் வகுப்புப் பாடங்களும் இருக்கின்றன.

கண்ணாடியின் மேல் சுமார் 50 நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசுகிறார்கள். கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சினால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரும்பி வரும் வெளிச்சம் மங்கிவிடும். நான் சொன்ன ஊஞ்சல் அந்தக் கோணத்தில்தான் ஆடுகிறது. தங்கத்தின் மேல் ஏதாவது ஒரு புரதம் வந்து உட்கார்ந்தால் போதும், அந்தக் கோணம் இம்மியளவு நகர்ந்துவிடும். நகர்ந்ததை அளந்தால் எவ்வளவு வந்து உட்கார்ந்தது என்று தெரியும். 1983-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இந்த முறையில் புரதங்களைக் கண்டறிந்து காட்டினார்கள். 1990-ல் அங்கிருந்தே இதற்கான மெஷின் விற்பனைக்கு வந்தது. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் இன்று அது அன்றாடக் கருவி.

இன்னொரு முறையில் நம் ஊர்ப் பெருமையும் சேர்ந்திருக்கிறது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன், 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தார். ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகமிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை மாதிரி தனித்தனி. ஆனால், அந்த ஒளி ரொம்ப மங்கல். 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சொரசொரப்பான வெள்ளியின் மேல் அதைப் பார்த்தபோது எதிர்பாராத அளவுக்குப் பலமாக இருந்தது. வெள்ளி, தங்கத்தின் நுண்மேடுகள் அந்த ஒளியைப் பல மடங்கு பெருக்கிவிடுகின்றன என்பது பிறகு புரிந்தது. புற்றுநோயின் சுவடுகளை ரத்தத்தில் தேடும் ஆராய்ச்சிகளில் இப்போது இதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

"அப்புறம் ஏன் டாக்டர் நம்ம தெரு லேபுக்கு வரலை?" என்று கேட்பீர்கள். ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் நீந்துகின்றன. தேடுவது ஒன்று, வந்து ஒட்டுவது ஒன்பது. வடிகட்டுவது சிரமம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி நானோ வடிவங்களை லட்சக்கணக்கில் செய்வதும் சிரமம். செய்தபின் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து நிரூபிக்க வேண்டும். அதற்கு வருஷங்கள் ஆகும்.

அதற்குள் அவசரப்படுகிறவர்கள் வருவார்கள். அமெரிக்காவில் 2003-ல் தெரனோஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். விரல் நுனியிலிருந்து எடுத்த சில சொட்டு ரத்தத்திலேயே ஏராளமான டெஸ்ட்டுகள் என்றார்கள். பெரிய மனிதர்களெல்லாம் நம்பிப் பணம் போட்டார்கள். சொன்னபடி கருவி வேலை செய்யவில்லை. 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அதன் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸுக்கு 2022-ல் சிறைத் தண்டனை. நாளைக்கு 'ஒரு சொட்டில் நூறு நோய்' என்று உங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போடலாமா?

கருவி பிரமாதமாக இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு வரும் ஒரு நோய் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் டெஸ்ட். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒரு லட்சம் பேருக்குச் செய்கிறோம்.

நோய் உள்ளவர்கள் 100 பேர். அதில் 99 பேரைப் பிடித்துவிடும். சபாஷ்! நோய் இல்லாத 99,900 பேரிலும் நூற்றுக்கு ஒருவர் வீதம் 999 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று தப்பாகச் சொல்லும். மொத்தம் 1,098 பேர் கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட். உண்மையில் நோய் உள்ளவர் அவர்களில் பதினொருவருக்கு ஒருவர்தான்! மற்ற பத்துப் பேர் வீட்டில் அன்று இரவு யாருக்கும் தூக்கம் இருக்காது.

'ஆஃபர்' போட்டிருக்கிறார்கள் என்று மாஸ்டர் செக்கப்புக்குப் போய், கேட்காத டெஸ்ட்டெல்லாம் எடுத்து, கலங்கிப்போய் வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பி.எஸ்.ஏ. அளவு ஏறினால் பிராஸ்டேட் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. வயதானால் வரும் சாதாரண வீக்கத்திலும் ஏறும். சி.ஏ.125 ஏறினால் சினைப்பைப் புற்றுநோய்தான் என்றில்லை. மாதவிலக்குச் சமயத்தில்கூட ஏறலாம். தங்கமும் ஒளியும் சேர்ந்து எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும், அளக்கப்படும் பொருள் ஒரே நோயை மட்டும் குறிக்காவிட்டால் கருவி என்ன செய்யும், பாவம்!

என் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

வீட்டுக்காரர்கள் என்றது என் சித்த மருத்துவக் குடும்பத்தை.

நாங்கள் படித்த எண்வகைத் தேர்வில் நாடி, நிறம், விழி, நாவோடு சிறுநீரும் உண்டு. நீர்க்குறியில் அதன் நிறம், மணம், நுரை பார்ப்போம். நெய்க்குறியில் அதன் மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்போம். இதை வைத்து, 'அன்றைக்கே நம் சித்தர்கள் பயோசென்சர் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. நான் முழங்கமாட்டேன். நெய்க்குறி உடலின் பொது நிலையைப் பற்றி எங்கள் மரபு பேசும் ஒரு மொழி. ஹெச்.சி.ஜி.யையோ ட்ரோபோனினையோ அது தேடவில்லை. தேடாததைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இன்னொன்று, 'தங்க பஸ்பம் நானோ மருந்து, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது' என்ற விளம்பரம். ஸ்ட்ரிப்பில் இருக்கும் தங்கம் உங்கள் உடம்புக்குள் போவதில்லை. வெளியில் நின்று நிறம் காட்டுகிறது. அது வேறு, பஸ்பம் வேறு. துகள் சிறிதாக இருப்பதாலேயே நோய் தீர்ந்துவிடும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. சிறிதாக இருப்பதாலேயே கெடுதல் இல்லை என்பதற்கும் கிடையாது. முறையாகப் படித்த மருத்துவர் கையிலிருந்து அல்லாமல் பஸ்பம் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். நானும் பஸ்பம் தருகிற மருத்துவன்தான். அதனால்தான் உரிமையோடு சொல்கிறேன்.

என்ன செய்யலாம்?

ஸ்ட்ரிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கர்ப்பமா இல்லையா என்று ஒரு பெண் தன் வீட்டுக் குளியலறையில், யாரிடமும் கேட்காமல், ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொள்ள முடிகிறது. என் அம்மா காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத சௌகரியம் இது. டாக்டர் இல்லாத மலைக் கிராமத்தில் மலேரியா கார்டு உயிர் காக்கிறது. வாங்குங்கள், உபயோகியுங்கள். ஆனால், பிரிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இது எதைத் தேடுகிறது? அந்தப் பொருளுக்கும் என் தொந்தரவுக்கும் என்ன உறவு?

இரண்டு, இப்போது தேடினால் கிடைக்குமா? சீக்கிரமாகவோ தாமதமாகவோ பார்க்கிறேனா?

மூன்று, பதில் எதுவானாலும் அடுத்து நான் செய்யப் போவது என்ன?

மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், டெஸ்ட் செய்வதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். காலாவதி தேதி பாருங்கள். ஈரம் படாமல் வையுங்கள். அட்டையில் சொன்ன நிமிஷத்துக்குள் கோட்டைப் படியுங்கள். குப்பைக் கூடையிலிருந்து மறுநாள் எடுத்துப் பார்த்துக் குழம்பாதீர்கள். கர்ப்ப ஸ்ட்ரிப்பில் கோடு மங்கலாக வந்தால் இரண்டு நாள் கழித்துக் காலை முதல் சிறுநீரில் திரும்பப் பாருங்கள். கோடு வந்து, வயிற்று வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரி.

அந்த மருமகளுக்கு இரண்டு வருஷம் கழித்து மறுபடி நாள் தள்ளிப்போனது. மாமியார் போன் செய்தார்.

"ஐயா, கோடு வந்திருக்கு. அல்வா இப்ப வாங்கலை. முதல்ல ஸ்கேன் பண்ணிட்டு வந்து வாங்கிக்கறோம்."

ஸ்கேனில் கரு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அல்வா மறுநாள் வந்தது!